பத்து லட்சத்தில் நூற்று எண்பது

"நூத்தி எண்பதா? உன் உப்புக் குழாய்தான் கசியுது!" என்று கத்தினார் லேப் மேனேஜர் லாய்.

ஷு-மின் பல்லைக் கடித்துக்கொண்டாள். மாதிரிப் புட்டியின் லேபிளில், 'நீர்: பத்து லட்சத்தில் ஐம்பது பங்குக்குக் கீழ்' என்று இருந்தது. கருவி நூற்று எண்பது என்றது. தைவானின் சின்ச்சூ நகரத்துச் சிப் ஆலைகளுக்குக் கரைப்பான் விற்கும் நிறுவனம் அனுப்பிய முதல் மாதிரி. முடிவு பிடித்துப்போனால் வருடம் முழுக்க வேலை தருவார்கள்.

"உப்புக் குழாய் இல்ல சார். அயனித் திரவம் பூசின குழாய்."

"அது உப்புதானே?"

"உப்புதான். ஆனா எப்பவும் உருகியே இருக்கும், சூடு பண்ணினாலும் ஆவியாகாது. மத்த குழாய்ங்க தண்ணியப் பாத்தாக் குழம்பிடும். இது தண்ணியத் தனியாப் பிரிச்சுக் காட்டும்."

"மழைக்காலத்துல உப்பு கசியும்னு எங்க வீட்டுச் சமையக்கட்டுக்கே தெரியும்மா."

இரண்டு வருடம், அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளையும் தின்று அவள் உருவாக்கிய முறை. அதைக் குழம்புக்குப் போடும் உப்போடு சேர்த்துவிட்டார்.

"சாயங்காலத்துக்குள்ள நம்பர் இறங்கலேன்னா, உன் குழாய் குப்பைக்குப் போகும்."

"மாதிரியே ஈரமா இருந்தா?"

"லேபிள்ல போட்டிருக்கே! வாடிக்கையாளர் பொய் சொல்லுவாங்களா?"

அப்போதுதான் லாய் கருவியின் தலையைப் பார்த்தார். அலறினார்.

"மஞ்சப் பைய எவ வெச்சா?"

கருவி சொன்னபடி கேட்க அதன்மேல் சோளப்பொரிப் பை ஒன்று வைக்க வேண்டும் என்பது அந்த ஊர் நம்பிக்கை. பச்சைப் பைதான் வைக்க வேண்டும். மஞ்சள் வைத்தால் கருவி முரண்டு பிடிக்கும்.

"கடையில பச்சை தீந்துடுச்சு சார்."

லாய் குடையோடு ஓடினார். மூன்று கடை ஏறி இறங்கி, பாதி நனைந்து, பச்சைப் பையோடு வந்தார். கருவிக்கு ஒரு கும்பிடு போட்டார். புட்டியைத் திறந்தார்கள், அளந்தார்கள்.

இருநூற்று முப்பது.

"சார், திறக்கத் திறக்க வெளி ஈரம் உள்ள போகுது. திறக்காதீங்க."

"அளக்காம எப்படிம்மா இறங்கும்?"

பையைத் திருப்பிப் பார்த்தார். காலாவதியாகி ஒரு மாதம். கடைக்காரனைத் திட்டியபடி இன்னொரு பை வாங்கி வந்தார். முந்நூற்றுப் பத்து.

காற்றில் ஈரம் உறிஞ்சும் பெட்டியைப் பக்கத்து அறையிலிருந்து தானே இழுத்து வந்தார். அதன் தொட்டி விளிம்புவரை நிரம்பியிருந்தது. கால் தடுக்கியது. தரையெல்லாம் வெள்ளம், லாயின் சாக்ஸ் உட்பட.

நானூற்று அறுபது.

"பாத்தியா உன் குழாயோட லட்சணத்த!"

ஷு-மின் முதல் முடிவை அச்சிட்டு, தன் பெயர் முத்திரையை ஓங்கிக் குத்தினாள். மேஜை அதிர்ந்தது.

"இதுதான் உண்மை. வேற எந்த நம்பருக்கும் என் முத்திரை விழாது."

"வர்ற வாடிக்கையாளர் மூஞ்சியில குத்தறியா?"

அவள் தாளை லாய் கிழித்தார். புதிதாக ஒன்று தட்டச்சு செய்தார்: 'ஐம்பதுக்குக் கீழ்.' தன் முத்திரையைக் குத்தினார். கருவியைத் திறந்து, சுருட்டி வைத்திருந்த குழாயைக் கழற்றிக் குப்பைக் கூடையில் எறிந்தார்.

ஷு-மின் கூடைக்குள் கைவிட்டாள். மேலே கிடந்த நூடுல்ஸை வழித்துவிட்டுக் குழாயை எடுத்துக்கொண்டாள்.

ஐந்து மணிக்குக் கரைப்பான் நிறுவனத்தின் டிரைவர் மழைக்கோட்டை உதறிக்கொண்டே வந்தார். லாய் இரண்டு கையாலும் உறையை நீட்டினார்.

"சுத்தமான சரக்கு அண்ணே! பொட்டு ஈரம் இல்ல."

டிரைவர் அங்கேயே உறையைப் பிரித்துப் படித்தார். உச்சுக்கொட்டினார்.

"நீங்க அஞ்சாவது ஆளு சார். தண்ணிய எங்க ஐயாவே தன் கையால கலந்து, பொய் லேபிளும் ஒட்டி அனுப்பினாரு, லேபிளப் பாத்துக் காப்பியடிக்காத லேப் ஒண்ணாவது இந்த ஊர்ல இருக்கான்னு தெரிஞ்சுக்க."