புதன்கிழமை நீங்கள் வீட்டில் இருக்காதீர்கள், அண்ணா

குரோம்பேட்டை,
திங்கள் மதியம்

மரியாதைக்குரிய ரத்தினம் அண்ணனுக்கு,

தம்பி கதிரேசன் வணக்கத்தோடு எழுதுவது. திண்டிவனத்தில் நீங்களும் அண்ணியும் சுகம்தானே? இங்கே நாங்கள் மூவரும் சுகம், அதாவது உடம்பளவில். இரண்டு நாளாக வீட்டில் யாரும் என் முகம் பார்த்துப் பேசுவதில்லை. அவர்கள்மேல் தப்பில்லை.

போனில் சொல்லாமல் ஏன் அவசரக் கூரியரில் கடிதம் என்பீர்கள். உங்கள் குரலைக் கேட்டால் எனக்கு "வரோம்ணா" என்பதைத் தவிர வேறு வார்த்தை வராது. அந்த வார்த்தைதான் இத்தனைக்கும் காரணம்.

மகள் எழில் படப்பையில் ஒரு வேன் வாடகைக்கு எடுத்தாள். உள்ளேயே படுக்கை, அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி எல்லாம் உண்டு. "ஏற்காடு வரைக்கும் மெதுவா போவோம்ப்பா. ரூம் புக்கிங் கிடையாது, டைம் கிடையாது. பிடிச்ச எடத்துல நிப்போம், அலுத்தா கிளம்புவோம்" என்றாள். எல்லாம் அவள் அம்மா ஷீலாவுக்காக. உங்களுக்கே தெரியும், கல்யாணமான புதிதில் ஷீலாவை ஊட்டிக்கு என்று கூட்டிக்கொண்டு கிளம்பியவன் நான். செங்கல்பட்டில் விருந்து, மதுராந்தகத்தில் விருந்து, உங்கள் வீட்டில் விருந்து, விழுப்புரம் போய்ச் சேர்ந்தபோது லீவு முடிந்துவிட்டது, அப்படியே திருப்பிக் கூட்டி வந்துவிட்டேன். இந்த இருபத்தேழு வருடத்தில் அவள் பார்த்த மலை பல்லாவரம் மலை ஒன்றுதான், அதுவும் ரயிலில் இருந்து.

இதை ஞாபகம் வைத்திருக்க வேண்டிய நான் என்ன செய்தேன்? சனிக்கிழமை வேன் வாசலில் வந்து நின்றதும் பெருமை தாங்காமல், அதன் முன்னால் கூலிங் கிளாஸ் போட்டுப் போட்டோ எடுத்து, எண்பத்து நான்கு பேர் இருக்கும் நம் சொந்தக்காரர் வாட்ஸ்அப் குரூப்பில் "செவ்வாய்க்கிழமை மலைக்குப் புறப்படுகிறோம்" என்று போட்டேன். நாலு பேர் "சூப்பர்" என்பார்கள் என்று பார்த்தால், முதலில் வந்தது செங்கல்பட்டு அத்தை: "எங்க வீட்டைத் தாண்டித்தானே போவணும்? தாண்டிடுவியா?" இப்படிக் கேட்டால் என்ன சொல்வது, வரோம் அத்தை என்றேன். செங்கல்பட்டுக்கு வரோம் என்றால் மதுராந்தகம் சும்மா இருக்குமா, அவர்கள் ராத்திரி தங்கியே ஆகவேண்டும் என்றார்கள். பிறகு நீங்கள், புதன் மதியத்துக்குச் சேவலைத் தனியாகக் கட்டிவிட்டேன் என்றீர்கள். அப்புறம் விழுப்புரம், உளுந்தூர்பேட்டை, கள்ளக்குறிச்சி, சேலத்தில் இரண்டு வீடு. எழில் உட்கார்ந்து எழுதிப் பார்த்துவிட்டு, "மலை மேல நமக்கு முக்கால் மணி நேரம் மிச்சம்ப்பா" என்றாள்.

ஷீலா சத்தமே போடவில்லை. அதைத்தான் அண்ணா தாங்க முடியவில்லை. "நீங்க ஹால்ல உக்காந்து டிவி பாப்பீங்க. நான் எட்டு வீட்டு சமையல்கட்டுலயும் முந்தானையைச் சொருகிக்கிட்டு நிக்கணும். மருமக சும்மா உக்காந்தா நல்லாவா இருக்கும்? அதுக்கு எதுக்குங்க வேனு, இங்கயே நின்னுக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அடுக்கிய துணியை எல்லாம் திரும்ப பீரோவில் வைத்துவிட்டாள்.

அதனால் ஒரு உதவி. நீங்கள் நம் குடும்பத்துக்கே மூத்தவர். "புதன்கிழமை நாங்கள் ஊரில் இல்லை, கதிரேசன் வர வேண்டாம்" என்று குரூப்பில் ஒரே ஒரு வரி போடுங்கள். அண்ணனே விட்டுவிட்டார் என்றால் மற்ற ஏழு வீடும் விட்டுவிடும். பொய் சொல்லக் கூச்சமாக இருந்தால் அண்ணியைக் கூட்டிக்கொண்டு நிஜமாகவே பாண்டிச்சேரி போய் வாருங்கள், சேவலும் பிழைக்கும். நீயே சொல்லேன்டா என்பீர்கள். மூன்று முறை டைப் அடித்தேன். மூன்று முறையும் அழித்துவிட்டு, கைகூப்பும் பொம்மையைத்தான் போட முடிந்தது.

கோபத்தை என்மேல் காட்டிவிட்டு, ஆசீர்வாதத்தை ஷீலாவுக்கும் எழிலுக்கும் கொடுங்கள். அண்ணி காலில் விழுந்தேன் என்று சொல்லவும்.

தலைகுனிவுடன்,
தம்பி கதிரேசன்

பின்குறிப்பு: கவர் வாங்க ஜி.எஸ்.டி. ரோடு வரை போய்விட்டு வந்தால் வாசலில் வேன் இல்லை. போன் போட்டேன். எழில் எடுத்தாள். "அம்மாவும் நானும் கிளம்பிட்டோம்ப்பா. நீங்க வரேன்னு சொன்ன வீட்டுக்கெல்லாம் நீங்களே பஸ்ல போய் சாப்ட்டு முடிங்க. அப்புறம் ஏற்காடு வாங்க, நாங்க அங்க இருந்தா பாக்கலாம்." எந்த ரோட்டில் போகிறீர்கள் என்று கேட்டேன். "சொல்லாதடி, குரூப்ல போட்டுடுவாரு" என்று ஷீலா சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் கேட்டதே இல்லை.

ஆகவே மேலே எழுதியதை எல்லாம் அடித்துவிட்டதாக வைத்துக்கொள்ளவும். புதன் மதியம் வருகிறேன், நான் ஒருவன்தான். அண்ணியிடம் சொல்லி சமையல்கட்டில் எனக்கு ஒரு மணை போட்டு வைக்கவும். தேங்காய் துருவத் தெரியாது. காட்டிக்கொடுத்தால் துருவுவேன்.