மூன்று தேசத்துப் பிரேக்

புந்தோங், ஈப்போ
2.3.1979

தைப்பிங் நகரில் மழையோடும் மரியாதையோடும் வாழ்ந்துவரும் என் மதிப்புக்குரிய மச்சான் மரியஜோசப் அவர்கள் சமுகத்துக்கு, தங்கள் தங்கையைக் கட்டிய பாவி டொமினிக் எழுதிக்கொண்டது. சர்வேசுரன் புண்ணியத்தில் இவ்விடம் நான் ஒருவன்தான் பாக்கி. அந்த ஒருவனும் ஒரு முழங்கால் குறைய சுகம். அவ்விடம் தங்களுக்கும் அக்காவுக்கும் நான்கு முழங்கால்களும் நலமாயிருக்க வேண்டுகிறேன்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். இது அழைப்புக் கடிதம் அல்ல. வருகிற பதினேழாம் தேதி தங்கள் தங்கை பியாட்ரிஸுக்கு வருஷப் பூசை. ஒன்பது வருஷமாக என் வாசலை மிதிக்காத தாங்கள் அதற்கு வரமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். போன வருஷம் அடக்கத்துக்கு வந்தபோதே கல்லறை வாசலுக்கு வெளியே குடையைப் பிடித்தபடி நின்றுவிட்டு, மண் போட்டதும் பஸ் ஏறிவிட்டீர்கள். ஆகவே கேட்கவில்லை. நான் கேட்பது நம் சைக்கிளின் பிரேக் கூம்பை மட்டும்தான். தபாலில் போட்டால் போதும்.

எந்தக் கூம்பு என்று மறந்தது போல நடிக்க வேண்டாம். சித்தியவான் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் நாம் இருவரும் சேர்ந்து வாங்கிய சைக்கிள் அது. கையில் பிரேக் கிடையாது. பெடலைப் பின்னுக்கு மிதித்தால் பின்சக்கரத்தின் நடுக்குடமான ஹப்புக்குள்ளே இருக்கிற கூம்பு நகர்ந்து வந்து வண்டியை நிறுத்தும். மலாயாவிலேயே அப்படி ஒரு வண்டி கவர்னரிடமும் நம்மிடமும்தான் இருந்தது. கவர்னருடையது கொஞ்சம் மட்டம். ஒற்றைப்படைத் தேதி உங்களுக்கு, இரட்டைப்படைத் தேதி எனக்கு என்று ஓட்டினோம். முப்பத்தொன்றுக்கு அடுத்தே ஒன்றாம் தேதி வந்து உங்களுக்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் கிடைத்த அநியாயத்தைக்கூட நான் பதினெட்டு வருஷம் பொறுத்தேன். பிறகு தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றார்கள். நீங்கள் தைப்பிங், நான் ஈப்போ என்று ஆனது. கிளம்புகிற நாளில், வண்டி யாருக்குப் போனாலும் சுத்தமாகப் போகட்டும் என்று ஹப்பைப் பிரித்து, தொழிலாளர் லயத்து வாசலில் சாக்கு விரித்துச் சாமான்களைப் பரப்பினோம். திரும்பச் சேர்க்கும்போது கூம்பைக் காணவில்லை. சாக்குக்கு அந்தப் பக்கம் நீங்கள், இந்தப் பக்கம் நான். நான் எடுக்கவில்லை என்றால் வேறு யார்? லயமே கூடி நிற்க, உங்கள் சட்டைப்பையை உதறிக் காட்டச் சொன்னேன். உதறினீர்கள். ஒரு ஜெபமாலையும் அரைச் சுருட்டும் விழுந்தன. அன்றைக்குப் போனவர்தான்.

இத்தனை வருஷம் அந்த வண்டியைத் துணி காயப்போட வைத்திருந்தேன். இப்போது தேவைப்படுகிறது. கல்லறைப் பக்கம் பஸ் போவதில்லை. வெள்ளிக்கிழமைதோறும் நடந்து போய் வருகிறேன். ஈப்போ வெயிலில் பாதி வழியில் நானே ஆவியாகிப் போகிறேன். மீதிப் பாதிதான் அவளிடம் போய்ச் சேருகிறது. அதனால், பழைய சாமான் கடை ஜைனுலாப்தீனிடம் ஹப்பைக் கொண்டு போனேன்.

“இதுக்கு ஒரிஜினல் சாமான் எங்கண்ணே?” என்றார்.

“ஒம்போது வருஷத்துக்கு முன்னால என் மச்சான் கொண்டு போயிட்டாரு.”

“ஒம்போது வருஷமாவா? அத வெச்சி என்ன பண்றாரு, ஊறுகாய் போடுறாரா?”

மூன்று டின்களைக் கொட்டிக் கிளறி, ஜெர்மன்காரன் கூம்பு ஒன்றையும் ஜப்பான்காரன் பல்சக்கரம் ஒன்றையும் எடுத்துக் கொடுத்தார். நம் ஹப்பு இங்கிலீஷ்காரன். ஒரு யுத்தம் முழுவதையும் உள்ளங்கையளவு இரும்புக்குள்ளே அடைக்கச் சொன்னால் எப்படி மச்சான்? மரை ஒன்றுக்கொன்று சேராது என்றேன்.

“உள்ளுக்கு இருக்கிறத யாருண்ணே பாக்கப் போறா? சுத்துனா ஹப்பு, நின்னா பிரேக்கு. அவ்வளவுதான்லா!”

வீட்டில் உட்கார்ந்து மூன்று நாள் மல்லுக்கட்டினேன். ஸ்பிரிங் இல்லை, பால் கோப்பையை மரத்தில் மாட்டுகிற கம்பியை வளைத்துப் போட்டேன். பிரேக் கட்டைகள் உள்ளே லொடலொடவென்று ஆடின. நாற்பது வருஷம் பால்மரம் வெட்டினவனுக்கு ரப்பரால் ஆகாதது உலகத்தில் உண்டா? ஷீட்டை வெட்டி இடுக்கில் அடைத்தேன். முற்றத்தில் ஓட்டிப் பார்த்தால், முன்னுக்கு மிதிக்கும்போது மூன்று சுற்றுக்கு ஒரு தடவை பிரேக் பிடித்தது; பின்னுக்கு மிதித்தால் பிடிக்கவே இல்லை. போகச் சொன்னால் நிற்பதும் நிற்கச் சொன்னால் போவதும் நான் குடும்பம் நடத்திய லட்சணம்தானே என்று சமாதானப்பட்டுக்கொண்டு வெள்ளிக்கிழமை கிளம்பிவிட்டேன்.

கல்லறைக்கு முந்திய இறக்கத்தில்தான் வந்தது வினை. பின்னுக்கு மிதிக்கிறேன், மிதிக்கிறேன். பெடல் ராட்டினமாய்ச் சுற்றுகிறதே தவிர வண்டி கேட்கவில்லை. ரயிலே வெட்கப்படுகிற வேகம். ஹப்பிலிருந்து தூபக்கால் மாதிரிப் புகை. கல்லறைக் காவல்காரன், பத்துமலை என்று பேர், வாசலில் புல் வெட்டிக்கொண்டிருந்தவன், “அண்ணே, எங்க போறீங்க? அக்கா இங்க இருக்காங்க!” என்று கத்தினான். தெரிகிறதப்பா, என்னால் நிற்க முடியவில்லையே! முப்பத்தொரு வருஷத்தில் முதல் தடவையாக பியாட்ரிஸைக் கடந்து போனேன், ‘எங்க போறீங்க, சாப்பிட்டுப் போங்க’ என்று அவள் கூப்பிடவில்லை. அந்த வேகத்திலும் அது எனக்கு உறைத்தது மச்சான்.

அதற்கப்புறம் ரப்பர் உருகி ஹப்பை இறுக்கிப் பிடித்துக்கொண்டது. வண்டி நின்றது. நான் நிற்கவில்லை. நேரே ரோட்டோரச் சாக்கடை லொங்காங்கில் போய் விழுந்தேன். பத்துமலை வந்து தூக்கிக் கழுவிவிட்டான்.

“எதுக்குண்ணே இவ்ளோ அவசரம்? ஒங்க எடம் அக்கா பக்கத்துலதான் இருக்கு. யாரும் எடுத்துக்க மாட்டாங்க.”

ஆறுதலாகத்தான் சொன்னான். அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

ஆகவே மச்சான், ஒரு பரதேசிக்கு முழங்கால் போனதற்குத் தாங்களே காரணம் என்பதை உணர்ந்து, எடுத்த பொருளைச் சுற்றி அனுப்பிவைக்கவும். அக்காவுக்கு என் தோத்திரம். பிள்ளைகளுக்கு அந்தோணியார் துணை இருக்கட்டும். தங்களுக்கும் இருக்கட்டும், நான் வேண்டாமென்று சொல்லவில்லை.

இப்படிக்கு,
நொண்டியும் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மைத்துனனுமாகிய
டொமினிக்

பி.கு.: மேலே எழுதியதைக் கிழித்துப்போடப் பார்த்தேன், மனசு வரவில்லை. இதை மட்டும் நம்புங்கள். கூம்பு என்னிடம்தான் இருக்கிறது. அன்றைக்கு கிரீஸ் தடவ நான்தான் அதை டின்னுக்குள்ளே போட்டேன், அடியில் முங்கிவிட்டது. நான்கு வருஷம் கழித்து டின்னைச் சுரண்டும்போது கரண்டியில் தட்டியது. பியாட்ரிஸும் பார்த்தாள். “அண்ணனுக்கு ஒரு வரி எழுதிப்போடுங்க” என்றாள். எழுதுறேன், எழுதுறேன் என்று நான்கு கிறிஸ்மஸ் போனது. அவளும் போய்விட்டாள். அதை மாட்டி ஓட்டினால் ஊரில் ஒருத்தன் ‘எங்கே கிடைச்சது’ என்று கேட்டுவிடுவானே என்றுதான் மூன்று தேசத்துச் சாமானைக் கட்டி அழுதேன்.

பூசை காலை ஆறரைக்கு. பூசை கேட்டவர் பெயர் ‘இறந்தவரின் அண்ணன் மரியஜோசப், தைப்பிங்’ என்று சாமியாரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். கோவிலுக்கே கேட்கிற மாதிரி வாசிப்பார். நம் தோட்டத்து ஆட்கள் அத்தனை பேரும் திரும்பிப் பார்ப்பார்கள். அங்கே நீங்கள் இல்லாவிட்டால், ஏன் இல்லை என்று நான்தான் எழுந்து நின்று சொல்லவேண்டி வரும். சொல்லிவிடுவேன் மச்சான். நீங்கள் இருந்து கேட்டால் நல்லது.