தளும்பாத பால்குடம்

பினாங்குத் தீவில் தண்ணீரைத் தண்ணீராக இருக்க விடாத ஒரே மனிதர் எங்கள் பாசி அண்ணன்தான். டத்தோ கிராமாட்டில் எனக்கு அடுத்த வீடு. புக்கிட் தெங்காவில், பழுப்புக் கடற்பாசியிலிருந்து மாவு எடுக்கும் தொழிற்சாலையில் வேலை. அந்த மாவில் ஒரு பொட்டலம் எப்போதும் சட்டைப்பையில் இருக்கும். சாம்பார் நீர்த்திருந்தால் போடுவார். ரசம் ரசமாகவே இருந்தாலும் போடுவார். ஒருநாள் எங்கள் வீட்டு மோரைக் கத்தியால் அறுத்துச் சாப்பிட்டோம்.

நான் மூன்றாம் பாரத்தோடு பள்ளியை விட்டவன். எனக்கு விளங்கும்படி அவர் சொன்ன ரசாயனம் இவ்வளவுதான்: "அது சீனிச் சங்கிலி தம்பி, ஆனா இனிக்காது. தண்ணியில ஊறுனா வழவழன்னு ஆகும். கால்சியத்தப் பாத்துச்சுன்னா ஒரு சங்கிலி இன்னொன்னக் கட்டிப் பிடிச்சுக்கும். அப்புறம் அடுப்புல வெச்சாலும் விடாது லா."

மகளுக்கு டெங்கி வந்து பிழைத்தபோது, தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயிலில் பால்குடம் எடுப்பதாக வேண்டிக்கொண்டேன். உடனே அடுத்த கவலை பிடித்துக்கொண்டது. அவ்வளவு படி, அவ்வளவு கூட்டம். பால் சிந்தினால்? சிந்தினால் பிள்ளைக்கு மறுபடியும் காய்ச்சல் வரும் என்று நானே முடிவு செய்துகொண்டேன். தூக்கம் போனது. பார்த்தவரிடமெல்லாம் புலம்பினேன்.

கோயில் பக்கமே வராத பாசி அண்ணன் தைப்பூசத்தன்று மஞ்சள் வேட்டியில் வந்து நின்றார். நான் குளித்துவிட்டு வரும்வரை குடத்தைத் தானே பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

படியேறினேன். ஒருவர் இடித்தார். ஒரு காவடி உரசியது. எனக்கே கால் தடுக்கியது. ஒரு சொட்டு சிந்தவில்லை. முருகனே குடத்தைப் பிடித்திருக்கிறான் என்று அழுதுகொண்டே ஏறினேன். பின்னால் பாசி அண்ணன் மூட்டுவலியோடு மூச்சிரைக்க வந்துகொண்டிருந்தார்.

மேலே அர்ச்சகர் குடத்தைக் கவிழ்த்தார். ஒன்றும் விழவில்லை. குலுக்கினார். அடியில் தட்டினார். மொத்தப் பாலும் ஒரே கட்டியாக வழுக்கி வந்து தாம்பாளத்தில் உட்கார்ந்து, சீனர் கடைச் சோயாப்பால் கட்டியான தௌஃபூஃபா போல மெல்ல ஆடியது.

அர்ச்சகர் என்னைப் பார்த்தார். நான் பாசி அண்ணனைப் பார்த்தேன். அவர் சட்டையில்லாத மார்பில் பையைத் தேடித் தடவினார்.

"கடல்பாசி மாவு சாமி, சைவந்தான். கஞ்சிப் பதத்துல நின்னா தளும்பாதுன்னு கணக்குப் போட்டேன். பால்ல இவ்ளோ கால்சியம் இருக்கும்னு நெனைக்கல." பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவன் ராத்திரியெல்லாம் தூங்காம நடக்குறான் சாமி. செவுரு வழியா கேக்குது."

அர்ச்சகர் சற்று யோசித்தார். வழியில் சிந்தியதா என்று என்னைக் கேட்டார். இல்லை என்றேன்.

"அப்புறம் என்ன?" என்றவர், அதைக் கையால் உடைத்து வேலின் அடியில் வைத்து, எனக்குத் திருநீறு பூசினார். பாசி அண்ணனுக்கு இரண்டு பட்டை கூடுதல்.

மகள் நன்றாக இருக்கிறாள். இந்த வருடமும் பால்குடம் எடுத்தேன். பாசி அண்ணனின் வேட்டி மடிப்பைக்கூட என் மனைவி சோதித்துவிட்டுத்தான் அனுப்பினாள். போட மாவு இல்லாததால் அவர் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டே ஏறினார். பால் வழியெல்லாம் சிந்தியது. அன்று வீடு திரும்பிப் படுத்ததுதான் தெரியும், நன்றாகத் தூங்கிவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் அவரும் தூங்கியிருப்பார்.