மென்றாலும் வலி, இடித்தாலும் வலி

முப்பத்து நாலு வயதில் பல்லுக்குக் கம்பி போட்டுக்கொள்வது என்று என் வீட்டுக்காரர் ஒபிரி தீர்மானித்தார். கானாவில் எங்கள் ஊரான குமாசி முழுக்க அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கம்பி போட்ட பிறகு பேச்சே இல்லை. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

பார்க்கப் பாவமாக இருந்தது. ரொட்டியைக் கஞ்சியில் ஊறவைத்துக் கொடுத்தேன். அதுவும் வலித்தது.

"ஞிரா அம்மா, மெல்லவே வேண்டாத சாப்பாடு ஒண்ணுதான் இருக்கு."

ஃபூஃபூவைத்தான் சொன்னார். மரவள்ளியும் வாழைக்காயும் வேகவைத்து உரலில் இடித்து, சூப்பில் தோய்த்து அப்படியே விழுங்குவது. அதை மெல்லுகிறவரைப் பார்த்தால் குழந்தைகூடச் சிரிக்கும்.

எங்கள் வீட்டில் அவர் இடிப்பார், நான் உரலுக்குள் கைவிட்டுப் புரட்டுவேன். அன்றைக்கு இரண்டே குத்து.

"ஐயோ! குத்துக்குக் குத்து கம்பி அதிருது!"

"அப்போ யாருங்க இடிக்கிறது?"

என் கையைப் பார்த்தார்.

கைக்குழந்தை ஞிராவை முதுகில் கட்டிக்கொண்டு, ஒரு கையால் இடித்து மறு கையால் புரட்டினேன். மூன்று நாளில் வலி போய்விடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். இவருக்கு மூன்று வாரம் ஆனது. நாலாவது வாரம் டாக்டர் கம்பியை மறுபடி முறுக்கினார். இப்படியே நாலு மாதம். கம்பி கழற்ற இன்னும் ஒன்றரை வருஷம் இருந்தது. என் உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். முதுகில் இருந்த குழந்தைக்குத் தூக்கமே இல்லை.

முற்றத்துக்கு அந்தப் பக்கம் குடியிருக்கும் செர்வா அக்கா கேட்டார்: "உன் ஆளுக்கு வலி பல்லுலயா, தோள்லயாடி?"

"மெதுவா பேசுங்கக்கா. காதுல விழுந்துடும்."

எனக்கும் சந்தேகம்தான். கேட்க வாய் வரவில்லை. இன்னொருத்தர் வாய்க்குள் இருக்கிற வலியை எதை வைத்து அளப்பது? ஞிரா பிறந்தபோது நான் கத்தினேன். நிஜமாகவே வலிக்கிறதா என்று யாரும் என்னைக் கேட்கவில்லையே.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, சாப்பாட்டின் நடுவே தண்ணீர் எடுக்கப் போனேன். பின்னால் 'கடக்' என்று சத்தம். திரும்பினால், ஆட்டு எலும்பைக் கடித்து உடைத்து, கண்ணை மூடி உறிஞ்சிக்கொண்டிருந்தார்.

தண்ணீரை அவர் பக்கத்தில் வைத்தேன். சூப்பில் கிடக்கிற பெரிய கறித்துண்டு எப்போதும் வீட்டு ஆம்பளைக்குத்தான். மறுநாள் அது என் கிண்ணத்தில் இருந்தது.

"கறி எங்க?"

"கறியை மெல்லணுமேங்க. உங்க பல்லு தாங்குமா?"

"சின்னதா ஒரு துண்டு..."

"வேணாங்க, பாவம். கம்பியைக் கழற்றட்டும். ஒன்றரை வருஷம்தானே?"

எலும்பை எடுத்தேன். கூச்சமாகத்தான் இருந்தது. ஆனாலும் முற்றத்துக்கே கேட்கிற மாதிரி கடித்தேன்.

மூன்று நாள் பொறுத்தார்.

"இன்னிக்கு வலி கொஞ்சம் தேவலை."

"எவ்வளவு தேவலைங்க?"

"கறி மெல்லுற அளவுக்கு."

"உலக்கை தூக்குற அளவுக்கு?"

செர்வா அக்கா வீட்டுக் கதவுக்குப் பின்னால் சிரிப்புச் சத்தம். என் வீட்டுக்காரர் எழுந்துபோய் உலக்கையை எடுத்தார்.

அடுத்த முறை டாக்டர் முறுக்கிவிட்ட அன்று, கண் கலங்க வீட்டுக்கு வந்தார். இது நிஜ வலி. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. எனக்கு மனசு கேட்கவில்லை.

"உலக்கையைக் குடுங்க. மூணு நாளைக்கு நான் இடிக்கிறேன்."

"யாருக்கு வலிக்குது? எனக்கு வலிக்கவே இல்ல!"

உலக்கையை விடவே மாட்டேன் என்றார். குத்துக்கு ஒரு முனகலாக இடித்து முடித்தார். பெரிய துண்டை அவர் கிண்ணத்தில் வைத்தேன். வெகுநேரம் அதையே பார்த்தார். ஒரே ஒரு கடி கடித்தார். பிறகு அதை எடுத்து மெதுவாக என் கிண்ணத்தில் போட்டார்.

"நீயே சாப்பிடு, ஞிரா அம்மா. வலியெல்லாம் ஒண்ணுமில்ல. எனக்கு ஆட்டுக்கறியே பிடிக்காது."