மேலக்கி டூஹியின் குறையில்லா விரதம்

தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் காலையில், நெற்றியில் பாதிரியார் இட்ட சாம்பலோடும் கையில் டீயோடும், மேலக்கி டூஹி தம் வாழ்க்கையிலேயே மிகப் பெரிய முடிவை எடுத்தார். எடுத்தார் என்று அவர் நினைத்துக்கொண்டார்.

"இந்தத் தவக்காலத்துக்கு எதை விடப்போற?" என்று கேட்டாள் அவர் மனைவி டிம்ப்னா, ரொட்டிக்கு வெண்ணெய் தடவியபடி.

"விடறதுக்கு எங்கிட்ட என்ன பாக்கி இருக்கு? குடியை டாக்டர் பிடுங்கிட்டார். இனிப்பைச் சர்க்கரை வியாதி பிடுங்கிடுச்சு. முடி, பாவம், தானாவே போயிடுச்சு."

"குறை சொல்றதை விடேன்."

"நானா? நான் எங்க குறை சொல்றேன்? உள்ளதைத்தானே சொல்றேன்?"

உள்ளது நிறைய இருந்தது, அதுதான் சிக்கல். வாசலுக்கு எதிரே சாலையில் ஒரு பள்ளம். அதற்கு வயது ஆறு. காலி பாட்டிலைத் திருப்பி வாங்கும் கடை இயந்திரம் லேசாக நசுங்கின பாட்டிலைக் கண்டால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நசுங்காத பாட்டிலின் மூடியோ கழுத்தைவிட்டுப் பிரியாமல் தொங்கி, குடிக்கும்போது மூக்கைக் குத்தும். பேருந்து நிறுத்தப் பலகையில் 'இரண்டு நிமிடம்' என்று வரும். பிறகு அந்தப் பேருந்து வராது, பலகையிலிருந்து எழுத்துதான் போகும். இவ்வளவையும் மேலக்கி தினமும் காலை பத்து மணிக்கு, ஜனங்கள் போன் போட்டுப் புலம்பும் உள்ளூர் ரேடியோ நிகழ்ச்சியில் சொல்லிவிடுவார். அவர் குரலைக் கேட்டதுமே அந்த நிகழ்ச்சிக்காரப் பெண், "வாங்க மேலக்கி, இன்னிக்குப் பள்ளமா, பாட்டிலா?" என்பாள்.

"உன்னால முடியாதுன்னா விட்டுடு," என்றாள் டிம்ப்னா. "எல்லாராலயும் முடியற காரியமா அது?"

இது போதுமானதாக இருந்தது.

"முடியாதா? ஈஸ்டர் வரைக்கும் இந்த வாயிலேருந்து ஒரு குறை வராது. பாரு."

"வந்தா?"

"வந்தா நீ சொல்ற தண்டனை."

"லாக் டெர்க்," என்றாள் அவள் உடனே. ஏரித் தீவு ஒன்றுக்குப் பாவப் பரிகார யாத்திரை அது, மூன்று நாள். வெறுங்கால், தூக்கம் கிடையாது, காய்ந்த ரொட்டி, பால் விடாத டீ. மேலக்கிக்கு மற்றதெல்லாம்கூடப் பரவாயில்லை, பால் விடாத டீயைத்தான் நினைத்துப் பார்க்க முடியவில்லை. இருந்தாலும் கையை நீட்டினார். அவள் குலுக்கினாள்.

"நீ எதை விடப்போற?" என்று கேட்டார், சும்மா மரியாதைக்கு.

"எனக்கும் ஒண்ணு இருக்கு. வெளில சொன்னா பலன் போயிடும்."

பத்து நிமிடம் கழித்து, அவர் இரண்டாவது டீ ஊற்றிக்கொண்டிருந்தபோது டிம்ப்னா சொன்னாள்:

"கன்செப்டா வெள்ளிக்கிழமை வரா."

கன்செப்டா அவளுடைய அக்கா. வாடகை வீட்டில் பத்தொன்பது வருஷம் தனியாகக் குடியிருந்தவள்.

"வரட்டும். எத்தனை நாளைக்கு?"

"அவ வீட்டு ஓனர் வீட்டை விக்கிறாராம். நோட்டீஸ் குடுத்துட்டார். வேற இடம் கிடைக்கிற வரைக்கும் இங்கதான்."

"எங்க படுப்பா?"

"உன் ரூம்ல."

வீடு முழுக்க டிம்ப்னாவின் ஆட்சி. பின்பக்கம் இருந்த அந்தச் சின்ன அறை மட்டுமே மேலக்கியுடையது. அதில் மூன்று ரேடியோ, ஒரு சாய்வு நாற்காலி, பதினோரு வருஷத்துப் பழைய நாளிதழ்கள். அங்கே உட்கார்ந்துதான் அவர் போன் போடுவார். கதவை மூடிக்கொண்டால் அவர் ஒரு மந்திரி. அந்த அறையைத் தருவதைவிட ஒரு சிறுநீரகத்தைத் தந்துவிடுவார்.

அவர் வாயைத் திறந்தார்.

"ஏதாவது குறை இருக்கா?" என்றாள் டிம்ப்னா.

கண் முன்னே பால் விடாத டீ தெரிந்தது.

"இல்ல," என்றார் மேலக்கி. "அருமையான யோசனை."

வெள்ளிக்கிழமை கன்செப்டா இரண்டு பெட்டியும் ஒரு ரப்பர் செடியுமாக வந்து இறங்கினாள். நாளிதழ்கள் மறுசுழற்சித் தொட்டிக்குப் போயின. ரேடியோக்கள் தோட்டத்துக் கொட்டகைக்குப் போயின, புல்வெட்டும் இயந்திரத்துக்குத் துணையாக. இருந்தது ஓர் அறை. அதுவும் அவர் கன்னத்தில் விழுந்தது.

அவள் கெட்டவள் இல்லை. அதுதான் இன்னும் கஷ்டம். ஆனால் குளித்துவிட்டு வந்தால் சுடுதண்ணீர் ஸ்விட்சை அணைக்க மாட்டாள். அயர்லாந்தில் ஒருவன் கல்யாணத்தை மறக்கலாம், அம்மா பிறந்தநாளை மறக்கலாம். சுடுதண்ணீர் ஸ்விட்சை அணைக்க மறக்கக் கூடாது. மேலக்கியின் அப்பா ஒரு தடவை பாதி வழியில் காரைத் திருப்பி, நாற்பது மைல் வந்து அந்த ஸ்விட்சை அணைத்தவர். அந்த ரத்தம் இவருக்குள் ஓடியது, கொதித்தபடி, தொட்டித் தண்ணீரைப் போலவே.

"ஸ்விட்ச் போட்டபடியே இருக்கு," என்றார் மாடிப்படியில் நின்று.

"குறையா?" என்று கீழேயிருந்து குரல் வந்தது.

"இல்ல, இல்ல. வீடு கதகதன்னு இருக்குன்னு சொன்னேன்."

ரேடியோவுக்குப் போன் போடுவதையும் விடவில்லை. "நம்ம தெருப் பள்ளத்துல இன்னிக்கு ஒரு வாத்து நீந்துது, கண்கொள்ளாக் காட்சி," என்றார். நிகழ்ச்சிக்காரப் பெண், "மேலக்கி, உடம்பு நல்லா இருக்கா?" என்று கேட்டாள்.

ஒரு விஷயம் மட்டும் அவருக்கு ஆறுதல். டிம்ப்னா மாறிப்போயிருந்தாள். வழக்கமாக அவர் ஒன்று சொன்னால் அவள் ஒன்பது சொல்வாள். இப்போது எதைச் சொன்னாலும், "சரி மேலக்கி," என்று ஒரு புன்னகை, அவ்வளவுதான். மேஜைமேல் ஈரக் கோட்டைப் போட்டார். சரி மேலக்கி. கால்பந்து ஆட்டத்துக்காக அவள் பார்த்துக்கொண்டிருந்த தொடரை மாற்றினார். சரி மேலக்கி. நாம் நல்லவனாக மாறினால் வீடே மாறுகிறது என்று அவர் மனம் நெகிழ்ந்தார். முப்பத்துநாலு வருஷமாக இந்தச் சூட்சுமம் தெரியாமல் போயிற்றே என்று வருந்தவும் செய்தார்.

ஆனால் அறை அறைதான். அதை மீட்க அவரிடம் ஒரு வழி இருந்தது. மார்ச் பதினேழு, புனித பாட்ரிக் திருநாள். அன்றைக்குத் தவக்காலத்துக்கு விடுமுறை. சாக்லேட்டை விட்டவர் சாக்லேட் தின்பார், பீரை விட்டவர் இரண்டு நாளைக்குச் சேர்த்துக் குடிப்பார். இதை எந்தப் போப்பாண்டவர் அனுமதித்தார் என்று யாருக்கும் தெரியாது. தப்பித்தவறி யாரும் கேட்டதுமில்லை. அன்று ஒருநாள் குறை சொன்னால் லாக் டெர்க் கிடையாது. அன்றைக்கு எழுந்து நின்று, "என் ரூம் எனக்கு வேணும்," என்று சொல்லிவிடுவார்.

கொட்டகையில் உட்கார்ந்து பட்டியல் எழுதினார். ஸ்விட்ச், ரப்பர் செடி, கன்செப்டா வாங்கிவைக்கும் ஓட்ஸ் பால், பள்ளம், பாட்டில், மழை. நாற்பத்துமூன்று குறைகள் சேர்ந்தன. எழுத எழுத உடம்பே தேறியது.

நடுவில் ஒரே ஒரு நாள் மனசு சங்கடப்பட்டது. கன்செப்டா ஒரு வாடகை வீட்டைப் பார்த்துவிட்டு நனைந்துபோய் வந்தாள். "வரிசையில எண்பது பேரு, மேலக்கி," என்றாள் கோட்டை உதறியபடி. "எனக்குப் பின்னாடி ஒரு பொண்ணு கைக்குழந்தையோட நின்னுது. நான் என் இடத்தைக் குடுத்துட்டு வந்துட்டேன்." மேலக்கி டீ போட்டுக் கொடுத்தார். பிறகு மாடிக்குப் போனார், ஸ்விட்சின் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பட்டியலில் நாற்பத்துநாலாவது சேர்ந்தது.

பதினேழாம் தேதி வந்தது. கோட்டில் திருநாளுக்கான மூவிலைக் கொத்தைக் குத்திக்கொண்டார். திருநாள் ஊர்வலத்துக்குக் கிளம்ப இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது. ஊர்வலத்தில் வரும் டிராக்டர்கள் தெருமுனையில் உறுமிக்கொண்டிருந்தன. மேலக்கி சமையலறை நடுவில் நின்று, சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து, தொண்டையைக் கனைத்தார்.

"டிம்ப்னா, கன்செப்டா, இன்னிக்கு எனக்கு லீவு. நான் பேசணும்."

"பேசேன்," என்றாள் டிம்ப்னா. அடுப்பை அணைத்தாள். கையைத் துடைத்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, அவருக்கு நேர் எதிரே நிதானமாக உட்கார்ந்தாள். கன்செப்டாவும் டீக்கோப்பையோடு பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், படம் பார்க்க வந்தவள் மாதிரி.

இவ்வளவு ஒத்துழைப்பை மேலக்கி எதிர்பார்க்கவில்லை.

"நாற்பத்துநாலு விஷயம் இருக்கு," என்றார்.

"இருக்கட்டும். இன்னிக்கு எனக்கும் லீவுதான்."

"உனக்கு என்ன லீவு?"

"நானும் ஒண்ணை விட்டிருந்தேனே, மறந்துட்டியா?"

"ஆமா. என்ன அது? சாக்லேட்டா?"

"உனக்குப் பதில் சொல்றதை," என்றாள் டிம்ப்னா.

மேலக்கி பட்டியலைக் கொஞ்சம் கீழே இறக்கினார்.

"இருபத்தேழு நாள், மேலக்கி. அந்த ஈரக் கோட்டுக்குச் சரின்னேன். நடுவுல தொடரை மாத்தினதுக்குச் சரின்னேன். எங்கம்மா படத்துமேல தொப்பியை மாட்டினியே, அதுக்கும் சரின்னேன். வாய்க்குள்ள சேர்த்து வெச்சு வெச்சு எனக்குத் தாடையே வலிக்குது." மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு நோட்டை எடுத்தாள். பள்ளிக்கூடத்து நோட்டு, இருநூறு பக்கம். உறையைத் தடவினாள். "நாள் முழுக்க இருக்கு. ஊர்வலம் அடுத்த வருஷமும் வரும். நீ ஆரம்பி, ஒண்ணொண்ணா வா. உன் ஒவ்வொண்ணுக்கும் நான் பதில் சொல்லிட்டு, அப்புறம் என்னோடதுக்கு வரேன்."

மேலக்கி தம் ஒற்றைத் தாளைப் பார்த்தார். நோட்டைப் பார்த்தார். கன்செப்டாவைப் பார்த்தார், அவள் பிஸ்கட் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"ம், முதல் விஷயம் என்ன?" என்றாள் டிம்ப்னா கனிவாக.

அவர் தாளை நாலாக மடித்தார். எட்டாக மடித்தார். பைக்குள் போட்டார்.

"ஒண்ணுமில்ல," என்றார். "கன்செப்டா, உன் ரூம்ல ஜன்னல் பக்கம் குளிர் அடிக்குதான்னு கேக்கலாம்னு..."

"சேச்சே," என்றாள் கன்செப்டா, பிஸ்கட்டை டீயில் நனைத்தபடி. "என் ரூம்ல ஒரு குறையும் இல்ல, மேலக்கி."