பந்தறைச் சாவி

ஒரு பள்ளிக்கூடத்தில் பந்து வைக்க ஓர் அறை இருந்தது. அறைக்கு ஒரு பூட்டு இருந்தது. பூட்டுக்கு ஒரு சாவி இருந்தது. இதுவரைக்கும் எல்லாமே முறைப்படிதான்.

அங்கே மாணவிகளுக்கு வாலிபால் சொல்லித்தர ஒருவர் வந்து சேர்ந்தார். பகலில் டயர்க் கடையில் பஞ்சர் ஒட்டுவார்; மாலையில் கழுத்தில் விசிலை மாட்டிக்கொண்டு மைதானத்துக்கு வருவார். பிள்ளைகளுக்கு அவர் விசில் மாஸ்டர். நிர்வாகம் கொடுத்த பட்டம் வேறு: 'ஆசிரியரல்லாத பயிற்றுநர்'. ஊரில் ஆசிரியரல்லாதவர்களுக்கா பஞ்சம்? தபால்காரர் ஆசிரியரல்லாதவர். பல் டாக்டர் ஆசிரியரல்லாதவர். வாசலில் படுத்திருக்கும் நாயும் ஆசிரியரல்லாததுதான். ஆனால் அதற்காக முத்திரை குத்திய ஆணை பெற்றவர் விசில் மாஸ்டர் ஒருவரே.

முதல் நாளே தலைமையாசிரியை அறையில் போய் நின்றார்.

"மேடம், பந்தறைச் சாவி வேணும்."

"சாவி நிரந்தர ஆசிரியர் பொறுப்புலதான் இருக்கணும் மாஸ்டர். கணக்கு சார்கிட்ட இருக்கு."

"அப்ப அவரைத் திறந்துவிடச் சொல்லுங்க."

"தாராளமா. நாலு மணி வரைக்கும் இங்கதான் இருப்பார்."

"பயிற்சியே நாலேகாலுக்குத்தானே?"

"ஆமா. அதுவரைக்கும் பிள்ளைங்களுக்கு வகுப்பு இருக்கே."

"சரி, நான் கொஞ்சம் முன்னாடியே வந்து பந்தை வாங்கி வச்சுக்கறேன்."

"வகுப்பு நேரத்துல ஆசிரியரல்லாதவங்க வளாகத்துக்குள்ள வரக்கூடாது. பாதுகாப்பு."

"பிள்ளைங்ககிட்டயாவது எடுத்துக் குடுத்துட்டுப் போகச் சொல்லுங்க."

"அவங்க பந்தைத் தொடும்போது பயிற்றுநர் பக்கத்துல இருக்கணும். அதுவும் பாதுகாப்புதான்."

விசில் மாஸ்டர் தலையைச் சொறிந்தார். "அப்ப பந்து எப்பதான் மேடம் வெளிய வரும்?"

தலைமையாசிரியை கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் கெட்டவர் அல்ல. நன்றாக யோசித்துத்தான் பதில் சொன்னார். "வெளிய வரணும்னு விதி எதுவும் இல்லையே மாஸ்டர்?"

விசில் மாஸ்டர் லேசில் விடுகிற ஆள் இல்லை. வாலிப வயதில் தொழிற்சாலை வாசலில் நின்று கோஷம் போட்டவர். அவர் குரலுக்கே முதலாளி ஜன்னலைச் சாத்திக்கொள்வார் என்று பேர். மறுநாள் சொந்தக் காசில் பந்து வாங்கிக்கொண்டு வந்தார். வாசல் காவலர் கையை நீட்டித் தடுத்தார்.

"பள்ளிக்குச் சொந்தமில்லாத பந்து உள்ள வரக்கூடாது மாஸ்டர்."

"சரி, பள்ளிக்கே இனாமாக் குடுத்துட்டேன். வச்சுக்க."

"ரொம்ப நன்றி. பள்ளிப் பந்துன்னா பந்தறைலதான் இருக்கணும்."

பந்து பந்தறைக்குப் போயிற்று. அடுத்த வாரம் இன்னொன்று வாங்கினார். அதுவும் அதே வழியில் போயிற்று. ஆட ஆளில்லாமல் உள்ளே பந்துகள் குடும்பமாகப் பெருகின. வெளியே ஆடப் பந்தில்லாமல் பிள்ளைகள் நின்றார்கள்.

நிற்கிற பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்ப மனசு வரவில்லை. "பந்து வருதுன்னு நினைச்சுக்கிட்டு குதிங்க," என்றார். குதித்தார்கள். "இப்ப அடிங்க." அடித்தார்கள். அணித் தலைவி ஒரு நெட்டைப் பெண், பேரும் நெட்டைதான். அவள் எம்பிக் கையை வீசினால் காற்றே சட்டென்று நகர்ந்து வழிவிடும்.

"மாஸ்டர், நான் அடிச்சது நெட்ல பட்டுச்சா?"

"இல்லம்மா. தாண்டிடுச்சு."

"நெஜமாவே ஒரு பந்தை அடிச்சா கை எப்படி மாஸ்டர் இருக்கும்?"

விசில் மாஸ்டர் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டார். "எரியும். ஆனா நல்லா இருக்கும்."

அன்று இரவு சாப்பிட உட்கார்ந்தவர் முன்னால் மனைவி வெறும் தட்டை வைத்தாள்.

"சோறு எங்கடி?"

"பந்து இல்லாம பயிற்சி குடுக்கறீங்கல்ல? சோறு இல்லாம சாப்பிடுங்க. நல்லா மென்னு சாப்பிடுங்க, விக்கிக்கப் போவுது."

"கிண்டலா?"

"இல்லைங்க, மறுசோறு வேணுமா?"

அந்த வாரத்தில்தான் விளையாட்டு மேம்பாட்டு அலுவலர் ஆய்வுக்கு வந்தார். மைதானத்தில் ஒரு கூட்டம் பெண்கள் ஒன்றுமில்லாததைப் பார்த்து எம்பி, ஒன்றுமில்லாததை அடித்து, ஒன்றுமில்லாததுக்காகக் குப்புற விழுந்து முழங்கையைச் சிராய்த்துக்கொள்வதைக் கண்டு அப்படியே நின்றுவிட்டார்.

"என்ன இது?"

விசில் மாஸ்டர் ஓரடி முன்னால் வந்தார். இதற்காகத்தானே காத்திருந்தார். "பந்தில்லாப் பயிற்சிங்க ஐயா!" என்றார், குத்தலாக.

அலுவலரின் முகம் மலர்ந்தது. பெரிய பதவிக்காரர்களுக்குக் குத்தல் உறைப்பதில்லை. அவர்கள் தோல் அதற்கென்றே பதப்படுத்தப்பட்டது.

"பந்தில்லாப் பயிற்சி! இது யாருடைய சிந்தனை?"

"நம்ம பள்ளியின் முன்னோடி முயற்சி சார்," என்றார் தலைமையாசிரியை, கண் இமைக்காமல்.

"ஐயா, சாவி குடுக்க மாட்டேங்கறாங்க, அதனாலதான்..."

"பாத்தீங்களா அடக்கத்தை? புகழை ஏத்துக்கவே மாட்டேங்கறார்!" என்று வியந்தார் அலுவலர்.

அடுத்த மாதம் சுற்றறிக்கை வந்தது. 'நுண்ணுணர்வுக் கைப்பந்து' எல்லாப் பள்ளிகளிலும் உடனடியாக நடைமுறைப்படுத்தப்பட வேண்டும். பயன்கள்: ஜன்னல் கண்ணாடி உடையாது, பந்தில் காற்று இறங்காது, பந்து வாங்கும் வசதி உள்ளவன், இல்லாதவன் என்ற பேதம் ஒழியும். சமத்துவம் கேட்டுத் தெருவில் கத்தினோமே, அதை இப்படியும் கொடுக்கலாம் என்று மாஸ்டருக்கு அன்றுதான் தெரிந்தது.

பிறகு மோகம் பற்றிக்கொண்டது. கடைகளில் பந்தில்லா ஆட்டத்துக்கென்றே தனிச் செருப்பு வந்தது. பந்தை வைக்காமல் தூக்கிப் போகத் தோதான பை ஒன்றும் வந்தது. அடுக்குமாடிக் குடியிருப்பில் அப்பாக்கள் காலையில் கூடி வெறுங்கையை வீசி மூச்சு வாங்கினார்கள். யாராவது பந்தோடு வந்தால், "இன்னுமா சார் பந்து வச்சு ஆடறீங்க?" என்று பரிதாபமாகக் கேட்டார்கள். விடுமுறை முகாம் நடத்தியவர்கள் பந்துள்ள பயிற்சிக்கு ஒரு கட்டணமும், பந்தில்லாததுக்கு இரண்டு பங்கும் வாங்கினார்கள். பெற்றோர் வரிசையில் நின்றது இரண்டாவதுக்குத்தான்.

விசில் மாஸ்டரைத் தேடி மாலைகளும் பொன்னாடைகளும் வந்தன. சாவி வரவில்லை. ஆசிரியரல்லாதவருக்குச் சாவி தரலாமா என்ற கேள்வி பரிசீலனையில் இருந்தது.

கடைசியில் பள்ளிகளுக்கு இடையிலான நுண்ணுணர்வுக் கைப்பந்து இறுதி ஆட்டம் இதே பள்ளி மைதானத்துக்கு வந்தது. நெட்டையும் தோழிகளும் அந்த வருடத்தோடு படிப்பை முடித்துக்கொண்டு போகிறவர்கள். அதற்கு முந்தின நாள் மாஸ்டர் அவர்களை வட்டமாக உட்கார வைத்தார்.

"நாளைக்கு நீங்க நெஜப் பந்துல ஆடுவீங்க. ஊரே பாக்கும். இது என் பொறுப்பு."

"காவல்காரர் விடமாட்டாரே மாஸ்டர்?" என்றாள் நெட்டை.

"அவருக்குப் பந்தைத்தானே தெரியும். எனக்குக் காத்தைத் தெரியும்."

புதுப் பந்தின் காற்றை முழுக்க இறக்கி, சப்பையாக மடித்து, பனியனுக்கு உள்ளே செருகிக்கொண்டார். காற்றடிக்கும் பம்பு மனைவியின் கைப்பைக்குள் போயிற்று. காவலர் மாஸ்டரின் தொப்பையைத் தட்டிப் பார்த்துவிட்டு, "வெற்றி உடம்புல ஒட்டுது போல," என்று உள்ளே விட்டார். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் கணவனும் மனைவியும் குந்தி உட்கார்ந்து பந்துக்கு உயிர் கொடுத்தார்கள். மாஸ்டர் அதைத் தோள்பையில் போட்டுக்கொண்டார். கடைசிச் செட், ஊர் மொத்தமும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் நேரம், பந்தை எடுத்து ஆடுகளத்தின் நடுவில் வைப்பது. வைத்துவிட்டு, பழைய குரலில் ஒரே ஒரு கோஷம்: 'பந்து வேண்டும்!' அவ்வளவுதான் திட்டம்.

ஆட்டம் தொடங்கியது. பந்து எங்கே விழுந்தது என்பதை ஆட்டக்காரரின் கைவீச்சு, கண்பார்வை, விழுந்த விதம் ஆகியவற்றைக் கொண்டு நடுவர் தீர்மானிப்பார். அதற்காக அவர் பயிற்சி வகுப்புக்கெல்லாம் போய் வந்திருந்தார். முதல் செட் இவர்களுக்கு. இரண்டாவது எதிரணிக்கு. நாலு மணிக்கு மேல் ஒருநாளும் பள்ளியில் நின்றறியாத கணக்கு சார்கூட முன்வரிசையில் நகத்தைக் கடித்துக்கொண்டிருந்தார்.

கடைசிச் செட்டில் சரிசமம். மாஸ்டர் பைக்குள் கையை விட்டுப் பந்தைத் தொட்டார். இதுதான் நேரம். நெட்டை எம்பினாள். வானத்துக்கும் பூமிக்கும் நடுவில் ஒரு கணம் தொங்கினாள். கையை இறக்கினாள். கோட்டு நடுவர் கொடியைத் தூக்கினார்.

"வெளியே!"

விசில் மாஸ்டருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாது. பை ஒரு பக்கம் விழ, அவர் ஒரு பக்கம் ஓடினார்.

"எது வெளியே? கண்ணு இருக்காய்யா உனக்கு? கோட்டுல பட்டுச்சு! தூசி பறந்துச்சே!"

"ரெண்டு விரல் வெளிய மாஸ்டர்."

"ரெண்டு விரலா?" என்று பாய்ந்தார் எதிரணிப் பயிற்றுநர். "ஒரு சாண்! எங்க பிள்ளை ஒதுங்கி விட்டதே அதனாலதான்!"

மாஸ்டரின் மனைவி நாற்காலி மேல் ஏறி நின்றாள். "உள்ளதான் விழுந்துச்சு! என் ரெண்டு கண்ணால பாத்தேன்! பந்து சுத்திக்கிட்டே வந்து விழுந்துச்சு!"

கூட்டம் இரண்டாகப் பிளந்தது. உள்ளே என்றவர்கள் ஒரு பக்கம், வெளியே என்றவர்கள் ஒரு பக்கம். எந்தப் பந்து என்று கேட்டவர் ஒருவரும் இல்லை. கணக்கு சார் களத்தில் மண்டியிட்டு, ஸ்கேல் வைத்து, பந்தின் விட்டத்தையும் வந்த கோணத்தையும் கணக்கிட்டு எழுந்தார். "கால்வாசி பந்து கோட்டுக்கு உள்ள!" என்று அறிவித்தார். நடுவர் யோசித்து, பாயிண்டை நெட்டையின் அணிக்குக் கொடுத்தார். இனி ஒரு பாயிண்ட் எடுத்தால் கோப்பை.

நெட்டை சர்வீஸ் போடப் போய் நின்றாள். அப்போதுதான் மாஸ்டரின் பையிலிருந்து பந்து மெதுவாக உருண்டு வந்து, அவள் காலடியில் நின்றது. புத்தம் புதிது. வெள்ளை வெளேரென்று.

நெட்டை பந்தைப் பார்த்தாள். மாஸ்டரைப் பார்த்தாள்.

நடுவர் விசில் ஊதினார். "களத்தில் அந்நியப் பொருள்! உடனே அப்புறப்படுத்தவும்!"

தொழிற்சாலை ஜன்னல்களைச் சாத்த வைத்த அந்தக் குரல் மைதானம் அதிரக் கிளம்பியது.

"என்னம்மா பாத்துக்கிட்டு நிக்கற? அந்தச் சனியனைத் தூக்கி வெளிய போடு! ஆட்டம் நடக்குதுல்ல!"

நெட்டை பந்தை எடுத்தாள். ஒரு கையால் மேலே போட்டு, எம்பி, ஓங்கி ஓர் அடி அடித்தாள். அப்பாடி, அது அடி! பந்து மதில் சுவரைத் தாண்டி, சாலையைத் தாண்டி, எதிர்வீட்டு மொட்டை மாடியையும் தாண்டிப் போயிற்று. ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. எல்லோர் கண்ணும், வராத பந்து வரப்போகும் இடத்திலேயே இருந்தது. நெட்டை மட்டும் சிவந்த உள்ளங்கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டாள். பிறகு வெறுங்கையால் சர்வீஸ் போட்டாள். எதிரணிக்கு எடுக்க முடியவில்லை. கோப்பை கிடைத்தது.

பரிசளிப்பு மேடையில் அலுவலர் நீண்ட நேரம் பேசினார். தலைமையாசிரியை அதைவிட நீண்ட நேரம் பேசினார். முடிவில் ஓர் அறிவிப்பு: மாஸ்டரின் ஒப்பற்ற சேவையைப் பாராட்டி அவர் நிரந்தரமாக்கப்படுகிறார், பந்தறைச் சாவியும் அவரிடமே ஒப்படைக்கப்படுகிறது. பட்டுத் துணி போர்த்திய தட்டில் சாவியை ஏந்தி வந்தவர் கணக்கு சார். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

மறுநாள் மாலை பிள்ளைகள் பந்தறை வாசலில் கூடி நின்றார்கள். மாஸ்டர் வந்தார். சாவி சட்டைப் பையில் கனத்தது.

"திறங்க மாஸ்டர்," என்றாள் நெட்டை. உள்ளங்கை இன்னும் லேசாகச் சிவந்திருந்தது.

மாஸ்டர் சாவியை எடுத்தார். பூட்டுவரைக்கும் கொண்டுபோனார். கொஞ்சம் யோசித்தார். மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.

"பெரிய போட்டி வருதும்மா. அது முடியட்டும். இப்பப் போய்ப் பந்தைத் தொட்டீங்கன்னா, கத்துக்கிட்டது எல்லாம் கெட்டுப் போயிடும்."

கைக்கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலு தாண்டியிருந்தது. நிரந்தரமானவர்கள் வீட்டுக்குப் போகிற நேரம்.