பழனியம்மாவின் மின்னுருவம்

மனித நாகரிகத்தில் மூன்று பெருந்திருப்பங்கள் உண்டு. முதலாவது நெருப்பு. இரண்டாவது வண்டிச் சில்லு. மூன்றாவது, கொழும்பு வெள்ளவத்தையில் கடலுக்கு இறங்கும் ஒழுங்கையொன்றின் முனையில் சாரங்கன் தன் முக்காலிக் கமராவை விரித்து நிறுத்தியது. முதலிரண்டையும் கண்டுபிடித்தவர்கள் முகநூலில் அறிவிக்கத் தவறியதால் அவர்களுடைய பெயர்கள் தெரியவில்லை. மூன்றாமவர் அந்தத் தவறைச் செய்யவில்லை.

சாரங்கன் மெல்பேணில் "பொதுவெளி ஊடகக் கலை" படித்துவிட்டு வந்தவர். தெருவில் இருப்பதைத் தெருவிலேயே காட்ட வேண்டும், ஆனால் போனுக்குள் காட்ட வேண்டும் என்பது அந்தப் படிப்பின் சாரம். கண்ணால் பார்த்தால் அது வெறும் தெரு. போனால் பார்த்தால் அது "நிகழ்த்துகை". எனவே அவருடைய சட்டையில் "போனால்தான் கலை" என்று அச்சிட்டிருந்தது. எது போனால் என்று அப்போது ஒருவரும் கேட்கவில்லை.

முதல் படைப்புக்கு அவர் தேர்ந்தெடுத்தது பழனியம்மாவை. பதுளைப் பக்கத்துத் தோட்டமொன்றிலிருந்து வந்து, அந்த முனையில் பல காலமாக அச்சாறு விற்பவர். மாங்காய், அன்னாசி, அம்பரெல்லா, மேலே தாராளமாக மிளகாய்த்தூள். உழைக்கும் மக்கள் மீது சாரங்கனுக்கு இருந்த மரியாதை அளவற்றது. ஒரு பிற்பகல் முழுக்க அவரைச் சுற்றிச் சுற்றி வந்து படம் பிடித்தார்.

"அம்மா, வழமையாக் கூப்பிடுற மாதிரி ஒருக்காக் கூப்பிடுங்கோ."

"யார சார் கூப்புடுறது? நீங்க சுத்தி நிக்கிறதுல ஒருத்தரும் கிட்ட வரலியே."

"ஆக்கள் வாறதுக்கில்லை அம்மா. உங்கட குரலை ஆவணப்படுத்த."

"அப்ப அச்சாறு?"

"அதை விடுங்கோ. நீங்கள்தான் படைப்பு."

பழனியம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எத்தனையோ பெயர் சொல்லி அவரை அந்த நடைபாதையிலிருந்து விரட்டியிருக்கிறார்கள். "படைப்பு" என்று ஒருவரும் அழைத்ததில்லை. உடனே ஒரு கூவல் கூவினார். பக்கத்தில் காலிக்குப் போகும் பெருவீதியில் பஸ் ஒன்று நின்று போனது.

மீதியைக் கணினி வல்லுநர் மிதுனா பார்த்துக்கொண்டாள். போனை அந்த முனைக்கு நேரே பிடித்தால் போதும். பழனியம்மா தோன்றுவார், கூவுவார், அச்சாறு கிளறுவார். மிளகாய்த்தூள் காற்றில் பறப்பதைச் சரியாகக் கொண்டுவருவதற்குள் மிதுனாவுக்குக் கண் கலங்கிவிட்டது.

அடுத்து, அனுமதி. சம்பந்தப்பட்ட அதிகாரி கலையை நேசிப்பவர். மேசையில் பிளாஸ்டிக் ரோஜா வைத்திருந்தார். சிங்களத்தில் நடந்த உரையாடலின் "அதிகாரபூர்வ" தமிழாக்கம் பின்வருமாறு:

"தம்பி, படத்தில் இருக்கும் இந்தப் பெண் யார்?"

"அவர்தான் எங்கள் கலை, ஐயா."

"உண்மையிலேயே அந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறாரா?"

"ஆம் ஐயா. பல வருடங்களாக."

"அவருக்கு யார் அனுமதி கொடுத்தது?"

சாரங்கன் படத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதிகாரி புன்னகைத்தார்.

"பயப்படாதீர்கள். போனில் தெரிபவருக்கு அனுமதி உண்டு. அவர் குப்பை போடமாட்டார். நிலத்தில் இருப்பவருக்குத்தான் கிடையாது. ஒரே இடத்தில் இரண்டு பேர் இருந்தால் உங்களுக்கும் குழப்பம், எங்களுக்கும் குழப்பம்."

சாரங்கனின் நெஞ்சில் ஏதோ குத்தியது. காலையில் சாப்பிடாததுதான் காரணம் என்று முடிவுசெய்து, நன்றி கூறி எழுந்தார்.

நிகழ்த்துகை நாளன்று காலையில் பொலிஸார் வந்து, கலைக்கு வேண்டிய முன்னேற்பாடுகளைச் செய்தார்கள். அதாவது, பழனியம்மாவின் குடையையும் அவர் உட்காரும் முக்காலியையும் லொறியில் ஏற்றினார்கள். அச்சாறு நிறைந்த பேசின் பாத்திரத்தை மட்டும் அவர் இடுப்பில் அணைத்துக்கொண்டு ஓடித் தப்பினார்.

மாலையில் நடைபாதை துடைத்துவிட்டதுபோல் இருந்தது. பணக்காரர்கள் வாழும் கறுவாத்தோட்டத்திலிருந்து வந்த கலா ரசிகர்கள் வெறும் நிலத்தை நோக்கிப் போனை உயர்த்தினார்கள். உழைப்பாளர் கலை நிதியத்தின் தலைவி ஜெகதீஸ்வரி தேம்பினார்.

"என்ன உயிரோட்டம், சாரங்கன்! மாங்காய் வாசம் கூட வருது!"

வாசம் வந்தது உண்மை. கூட்டத்தைத் தடுக்கக் கட்டிய கயிற்றுக்குப் பின்னால் பழனியம்மா பேசினோடு நின்றிருந்தார். மிதுனா பதறி ஓடினாள்.

"அம்மா, தள்ளி நில்லுங்கோ. பழனியம்மாவை மறைக்கிறீங்கள்."

"நாந்தாங்க பழனியம்மா."

"ஓம்," என்று ஜெகதீஸ்வரி கண்ணைத் துடைத்தார். "இண்டைக்கு நாங்கள் எல்லாருமே பழனியம்மாதான்."

உண்மைப் பழனியம்மா சாரங்கனின் கையிலிருந்த போனை எட்டிப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"நல்லாத்தான் ஒக்காந்திருக்கா. ஏன் சார், இவள மட்டும் பொலிஸ்காரங்க வெரட்டலியா?"

சாரங்கன் போனைத் தாழ்த்தினார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தார். அதற்குள் கூட்டம், இதுவும் நிகழ்த்துகையின் ஓர் அங்கம் என்று எண்ணிக் கைதட்டியது. கைதட்டல் கேட்டால் குனிந்து வணங்குவது கலைஞரின் கடமை. வணங்கி நிமிர்ந்தபோது பழனியம்மா அங்கே இல்லை.

படைப்புக்கு விருது கிடைத்தது. மின்னுருவத்தைப் பாதுகாக்க அந்த முனையைச் சுற்றிச் சங்கிலி போட்டு, பூச்சாடிகள் வைத்தார்கள். ஒருநாள் பழனியம்மா பேசினோடு திரும்பி வந்தாராம். இங்கே ஏற்கெனவே ஒரு பழனியம்மா இருப்பதாகக் காவலாளி பணிவுடன் எடுத்துச் சொன்னாராம். பிறகு அவர் எங்கே போனார் என்று காட்டும் வசதி மிதுனாவின் செயலியில் இல்லை.

வெற்றியைப் பரவலாக்குவது என்று நிதியம் தீர்மானித்தது. சாரங்கன் கமராவோடு கொட்டாஞ்சேனையில் போய் இறங்கினார். கோயில் வாசலில் பூ விற்கும் றஞ்சிதத்தின் முன்னால் பணிவோடு குந்தி, போனை நீட்டினார்.

"அக்கா, உங்களையும் இப்பிடித்தான் செய்யப்போறம்."

றஞ்சிதம் ஈரக் கையைச் சேலையில் துடைத்துவிட்டுப் போனை வாங்கினார். வெறும் நடைபாதை, பூச்சாடிகள், நடுவே அச்சாறு கிளறும் பெண். அவர் முகம் வாடியது.

"ஐயோ பாவம். எப்ப தம்பி மோசம் போனவ?"

"மோசம் போகேல்லை அக்கா! உயிரோடதான் இருக்கிறா."

"அப்ப ஏன் அந்த இடத்தில ஆளைக் காணேல்லை?"

"அது... ஆளை எடுத்தாப் பிறகுதான் இதை வைச்சது."

றஞ்சிதம் போனைத் திருப்பிக் கொடுத்தார். கூடைக்குள் கைவிட்டு மல்லிகைச் சரத்தை இழுத்து, முழங்கையில் பிடித்து அளக்கத் தொடங்கினார்.

"ஆளை எடுத்துப்போட்டுப் படத்தை வைக்கிறது செத்த வீட்டிலதான் தம்பி. எத்தினை முழம் வெட்ட?"